கொல்லிமலையில மூணு ராத்திரி, ஒரு நோட்டு, ஒரு கிழங்கு

போன வாரம் கொல்லிமலை போயிட்டு வந்தேன். டூர் இல்ல, எழுத்து முகாம். மலையில உக்காந்து எழுதறது, அப்படியே நம்மளயும் கொஞ்சம் திரும்பிப் பாத்துக்கறதுன்னு வாட்ஸப்ல ஒரு அழைப்பு சுத்திக்கிட்டு இருந்துச்சு. தங்கறது சாப்பாடு எல்லாம் சேத்து 4,500 ரூபா, 14 பேருக்குதான் இடம்னு போட்டிருந்தாங்க, நான் 13வது ஆளா பணம் கட்டினேன். ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறவ நான், வருஷம் முழுக்க எழுதறது வவுச்சர்ல 'டீ செலவு வகையில்'ங்கற அளவுக்குதான். காலேஜ்ல கவிதைக்கு கப் வாங்கின பழைய திமிர் மட்டும் உள்ள எங்கயோ கிடந்துச்சு. அது முதல் நாளே போயிடுச்சு.

தினமும் ராத்திரி நோட்ல கிறுக்கினதத்தான் இங்க போடறேன். சனிக்கிழமை பக்கம் மட்டும் ஞாபகத்துலேந்து எழுதறது, ஏன்னு ஞாயித்துக்கிழமைக்கு வந்தா தெரியும்.

நவம்பர் 14, வெள்ளி

காலைல 6 மணி பஸ்ஸ திருச்சியில பிடிச்சா 9க்குள்ள நாமக்கல், அங்கேந்து முகாம்காரங்க வேன் 9:30க்கு, எல்லாம் கணக்காதான் இருந்துச்சு, முசிறி தாண்டி டயர் பஞ்சர் ஆகுற வரைக்கும். நாமக்கல்ல நான் இறங்கறப்போ மணி 10:20. போன் பண்ணா "நாங்க சேந்தமங்கலம் தாண்டிட்டோம் மேடம், பஸ்ல வந்துருங்க, பஸ் நல்லாருக்கும்"னு ரொம்ப சந்தோஷமா சொன்னாங்க.

பஸ் நல்லாருந்துச்சு, காரவள்ளி வரைக்கும். அங்கேந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டு போர்டு வச்சிருக்காங்க, அது உதவியா தண்டனையான்னு புரியல, ஏன்னா 22ங்கற போர்ட பாத்துட்டு வயித்த பிடிச்சுக்கிட்டு இன்னும் 48 இருக்குன்னு கணக்கு போடறது கொடுமை. கணக்குப்பிள்ள புத்தி, போடாம இருக்கவும் முடியல. முன் சீட்ல ஒரு ஆறு ஏழு வயசு பையன் சத்தமா எண்ணிக்கிட்டே வந்தான், 43 வந்தப்போ அவங்கம்மா முறுக்கு குடுத்ததுல போர்ட விட்டுட்டான், அதுக்கு அழுதான் பாருங்க, டிரைவர் கண்ணாடியில பாத்து "எறங்கும்போது 43 வரும்டா தம்பி, எங்கயும் போயிடாது"ன்னாரு. பக்கத்துல உக்காந்திருந்த பாட்டி என் மூஞ்சிய பாத்துட்டு ஒண்ணுமே கேக்காம பையிலேந்து ஒரு எலுமிச்சம்பழத்த எடுத்து நகத்தால கீறி என் கையில வச்சாங்க. "மோந்துக்கிட்டே வா கண்ணு." 70 வரைக்கும் மோந்துக்கிட்டே போனேன். செம்மேட்டுல இறங்கறப்போ திருப்பிக் குடுக்கப் போனா, "அத வச்சு நான் என்ன பண்றது"ன்னு சிரிச்சுட்டு போயிட்டாங்க.

செம்மேட்டுல வல்வில் ஓரி சிலை இருக்கு. ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, கடைசியா புத்துல இருந்த உடும்பு வரைக்கும் துளைச்சான்னு புறநானூறு சொல்ற ஆளு, இந்த மலை அவனோடதுதான். சிலைக்கு கீழ ரெண்டு பசங்க செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. குளிரு. கீழ ஃபேன் போட்டுக்கிட்டு இருந்த ஊர்லேந்து வந்து ஸ்வெட்டர் இல்லாம நிக்கறேன்.

தங்கற இடம் காபித் தோட்டத்துக்குள்ள, ஓட்டு வீடு. வெந்நீர் உண்டுன்னு போட்டிருந்தாங்க, உண்டுதான், ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு பக்கெட், அதுவும் விறகு அடுப்பு பத்தினா. சாயங்காலம் எல்லாரும் வட்டமா உக்காந்தோம். நடத்தறவர் ரிட்டயர்டு தமிழ்ப் பேராசிரியர், கூட ஒரு தாவரவியல் டீச்சர். பேரு, வேலை எல்லாம் சொல்ல வேணாம், உங்க வீட்டு வாசல்ல இருக்கற மரத்த பத்தி சொல்லுங்கன்னாரு சார். ஒருத்தர் வேம்புன்னாரு, ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தன் வீட்டு மாமரத்துக்கு குடும்ப வரலாறே சொன்னாரு. என் முறை வந்துச்சு.

"பெரிய மரம் சார். நல்ல நிழல். அது கீழதான் ஸ்கூட்டர் நிறுத்துவேன்."

"என்ன மரம்மா?"

மரம்தான் சார்னு சொல்ல வாய் வந்துருச்சு. 11 வருஷமா அங்க வண்டி நிறுத்தறேன். ராத்திரி வீட்டுக்காரருக்கு போன் போட்டு கேட்டேன், அவரு "எந்த மரம்?"னு கேட்டாரு. குடும்பமே இப்படிதான்.

நவம்பர் 15, சனி

காலைல 5:45க்கு மணி அடிச்சு எழுப்பி, ஆளுக்கு ஒரு டம்ளர் சுக்கு காபி குடுத்து, போன வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில போட்டுட்டு, "ஆளுக்கு ஒரு இடம் பிடிச்சு உக்காருங்க, 40 நிமிஷம், யாரோடயும் பேசக்கூடாது, மூணு நாளும் அதே இடம்தான்"னு அனுப்பிட்டாங்க. நான் ஒரு பாறை மேல உக்காந்தேன். ஒரே மூடுபனி. முதல் பத்து நிமிஷம் ஆபீஸ், ஜிஎஸ்டி, பொண்ணு டியூஷன் ஃபீஸ். அப்புறம் எழுத ஆரம்பிச்சா அருவியா கொட்டுது, எனக்கே ஆச்சரியம், ரெண்டு பக்கம் ஃபுல்லா. என் மனதைப் போல் மூடிய பனி, என் தனிமையைப் போல் நின்ற மரம், பெயர் தெரியாத பறவை ஒன்று என் நினைவுகளைப் போல் பறந்தது. ரொம்ப பிடிச்சிருந்துச்சு எனக்கு.

இட்லி சாப்பிட்டுட்டு வட்டத்துல படிச்சேன். சார் சிவப்பு பேனாவால 'போல்' வர்ற இடமெல்லாம் வட்டம் போட்டுக் குடுத்தாரு, எண்ணிப் பாத்தா 14. "ரெண்டு பக்கத்துல நீங்க 14 தடவ இருக்கீங்க, மலை ஒரு தடவகூட இல்லையேம்மா. பேர் தெரியலன்னா நாம என்ன பண்றோம், அந்த இடத்துல நம்மள கொண்டுபோய் ஊத்திடறோம்." சத்தமில்லாமதான் சொன்னாரு. காதெல்லாம் சூடாயிடுச்சு எனக்கு. முகாம் முடியற வரைக்கும் 'போல', 'மாதிரி', 'மனசு' மூணும் தடைன்னாரு.

ஹெட்மாஸ்டர் விடல. குறுந்தொகையில கபிலரே பலாப்பழத்த உவமையா சொல்லலையா, சின்னக் கொம்புல பெரிய பழம் தொங்கற மாதிரி இவ உயிரு சின்னது ஆசை பெருசுன்னு, அதுவும் 'போல' தானேன்னு கேட்டாரு. நல்ல கேள்வி, நான் மனசுக்குள்ள கை தட்டினேன். சார் கொஞ்ச நேரம் தாடிய தடவிட்டு, "அவரு அந்த காம்ப பாத்திருக்காருய்யா. இவ்ளோ பெரிய பழத்த இத்தன சின்ன காம்பு எப்பிடி தாங்குது, எந்நேரமும் விழுந்துருமேன்னு பதறியிருக்காரு. அப்பிடி பாத்தவரு போல போடலாம், நாம இப்பதான வந்திருக்கோம்"னாரு. குறிஞ்சிப்பாட்டு 261 அடி, அதுல 99 பூவ பேர் சொல்லி அடுக்கியிருக்காரு கபிலர், அதுவும் பிரகத்தன்ங்கற ஆரிய அரசனுக்கு தமிழ்னா என்னன்னு காட்டறதுக்காக பாடினதுன்னு சொல்லுவாங்கன்னு சார் சொன்னதும், பெங்களூர்லேந்து வந்திருந்த ஐடி பையன் "அப்ப முதல் வொர்க்‌ஷாப் அதுதான் சார், ஒரே ஒரு ஸ்டூடண்ட், அவரும் ராஜா, ஃபீஸ் நல்லா வந்திருக்கும்"னான்.

அதுக்கப்புறம் டீச்சரும் சமையல் அக்காவும் தோட்டத்துக்குள்ள கூட்டிட்டு போனாங்க. இதுதான் எனக்கு முகாம்லயே பிடிச்ச ரெண்டு மணி நேரம். அக்கா இந்த மலையிலயே பொறந்து வளந்தவங்க, டீச்சர் தாவரவியல் பேர் சொன்னா அக்கா ஊர்ப்பேர் சொல்லுவாங்க, நடுவுல நாங்க நோட்டோட. என் பாறைக்கு பக்கத்துல தனிமையைப் போல் நின்ன மரம் சில்வர் ஓக்காம். தனிமையும் இல்ல ஒண்ணும் இல்ல, அடியிலேந்து உச்சி வரைக்கும் மிளகுக் கொடி சுத்தி ஏறியிருக்கு. பக்கத்துல முள்ளு முள்ளா ஒரு மரம், மூணு மூணு இலையா, அது கல்யாண முருங்கை, அதுலயும் மிளகுதான். அக்கா ஒரு சரத்த ஒடிச்சு குடுத்தாங்க, விரல் நீளம், பச்சை மணி நெருக்கி நெருக்கி கோத்திருக்கு. ஒண்ண கடிச்சேன். முதல்ல வெறும் பச்சை வாசனை, ரெண்டு செகண்ட் ஒண்ணுமே இல்ல, அப்புறம் நாக்கோட பின்பக்கத்துலேந்து காரம் எழும்பி மூக்கு வரைக்கும் போயி கண்ணுல தண்ணி. காபிப் பழம் செவப்பா பழுத்திருந்துச்சு, தோல் லேசா இனிக்குது, உள்ள வழவழன்னு ரெண்டு கொட்டை, காபி வாசனை கொஞ்சம்கூட இல்ல. இத்தன வருஷம் குடிக்கறேன், இது தெரியாது.

சரிவுல பாத்தா எங்க பாத்தாலும் மரவள்ளி. முன்ன சாமை, தினை, கேழ்வரகுதான் போடுவோம், இப்ப கீழ ஜவ்வரிசி மில்லுக்கு கிழங்கு போகுது, காசு வருதுல்லன்னாங்க அக்கா. மதியம் எங்களுக்கு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். "உங்களுக்காக ஆக்கினது, நாங்க ரேஷன் அரிசிதான்." இத கேட்டதும் ஒருத்தர் உருகிப்போயி மரபு, இழப்புன்னு ஆரம்பிச்சாரு, அக்கா "சாமைய குத்தி எடுக்கறது யாருங்க, நீங்களா?"ன்னு கேட்டுட்டு குழம்ப ஊத்தினாங்க. அதோட முடிஞ்சுது.

சாயங்காலம் இன்னொரு பயிற்சி. மலை நிலமான குறிஞ்சிக்கு கருப்பொருள்னு, அதாவது அந்த நிலத்துக்குன்னு உள்ள தெய்வம், விலங்கு, மரம், உணவுன்னு, முருகன், கிளி, மயில், புலி, வேங்கை, தினைன்னு படிச்சிருப்போம்ல, இன்னிக்கு இந்த மலையோட கருப்பொருள் என்னன்னு கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்கன்னாங்க. எங்க குரூப் கொண்டு வந்தது: மரம் சில்வர் ஓக், உணவு பரோட்டாவும் அன்னாசியும், பறை கோயில் மைக் செட்டு, விலங்கு சிப்ஸ் பாக்கெட்ட பிடுங்கற குரங்கு, ஊர்தி சரக்கு ஜீப். இந்த மாசம் தொல்காப்பியம் குறிஞ்சிக்கு சொல்ற கூதிர் காலமாம், ஐப்பசி கார்த்திகை. அதுக்காகவே நவம்பர்ல வச்சாங்களாம். மழைக்கு நாங்க நனைஞ்சதுக்கு தொல்காப்பியர்தான் பொறுப்பு.

குறிஞ்சிக்கு பொழுது யாமம். அதனால ராத்திரி 11:30க்கு திரும்ப எழுப்பினாங்க. கரண்ட் வேற போயிடுச்சு. திண்ணையில போர்வைய போத்திக்கிட்டு, கேக்கற சத்தத்த மட்டும் எழுதணும். ஓட்டுலேந்து சொட்டற தண்ணி, தவளை, ஹெட்மாஸ்டரோட இருமல். திடீர்னு தூரத்துல ஒரு உறுமல். நிக்குது, திரும்ப வருது, இன்னும் ஆழமா. யாரும் அசையல. மலையில கரடி உண்டுன்னு மத்தியானம்தான் ஜீப் டிரைவர் சொல்லியிருந்தாரு. விளக்கு வந்ததும் படிச்சா, 14 பேர்ல 9 பேர் கரடின்னு எழுதியிருக்காங்க, அதுல ஒருத்தர் அதோட பசியையும் எழுதியிருந்தாரு. அக்கா கொட்டாவி விட்டுக்கிட்டே, "அது மரவள்ளி லோடு லாரிங்க, வளைவுல ஃபர்ஸ்ட் கியர்ல திரும்பறான்."

நான் என்ன எழுதியிருந்தேன்னு கேக்காதீங்க. 9ல நானும் ஒருத்தி.

நவம்பர் 16, ஞாயிறு

பாறையில ரெண்டாவது நாள். நேத்து பறந்த பெயர் தெரியாத பறவை திரும்ப வந்துச்சு. கறுப்புக் கொண்டை, கன்னத்துல செவப்பா ஒரு பொட்டு, வால் அடியிலயும் செவப்பு. செம்மீசைச் சின்னான்னு டீச்சர் சொல்லிக் குடுத்திருந்தாங்க. அது என் நினைவுகள் ஒண்ணும் இல்ல, ஒரு காபிப் பழத்த கொத்திப் பாத்துட்டு துப்பிட்டு போயிடுச்சு. இன்னிக்கு எழுதினது 7 வரிதான். நேத்து ரெண்டு பக்கம். கைய கட்டிப் போட்டாப்ல இருந்துச்சு.

10 மணிக்கு ஆகாய கங்கை. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துலேந்து கீழ ஆயிரத்துக்கும் மேல படி. இறங்கறது ஈஸிதான், அங்கதான் ஏமாத்தறாங்க. மழை பேஞ்சு பாசி பிடிச்ச படி, எதிர்ல ஏறி வர்றவங்க எல்லாரும் "இன்னும் கொஞ்சம்தான், போங்க போங்க"ன்னு பொய் சொல்றாங்க, மூச்சு வாங்கிக்கிட்டே சொல்றாங்க. கீழ போனா 300 அடி உசரத்துலேந்து ஐயாறு விழுது. சாரல்லயே முழுசா நனைஞ்சாச்சு, பேசறது கேக்கல. ஒரு காலேஜ் பொண்ணு, ரெண்டு நாளா வாயே திறக்காதவ, அருவிய பாத்து ஓன்னு கத்தினா. அப்புறம் எங்கள பாத்து வெக்கப்பட்டா. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல, அது நல்லாருந்துச்சு.

நான் பெரிய இவளாட்டம் பாறையில உக்காந்து எழுதப் போனேன். கால் வழுக்குச்சு. எனக்கு முட்டியில சிராய்ப்புதான், நோட்டு தண்ணியில. ஐடி பையன் சட்டுனு குனிஞ்சு பிடிச்சுட்டான், ஆனா ஜெல் பேனா. சனிக்கிழமை எழுதின அத்தனையும் நீலமா கரைஞ்சு ஒழுகுது. பென்சில் கொண்டு வாங்கன்னு மெசேஜ்ல தெளிவா போட்டிருந்தாங்க, படிச்சேன், சின்னப் பசங்களா நாமன்னு ஒதுக்கிட்டேன். இதுல ஒரு கூத்து, சாரோட சிவப்பு வட்டம் மட்டும் அப்படியே நிக்குது. அது பால்பாயிண்ட். 14 வட்டம், உள்ள ஒண்ணும் இல்ல.

ஏறி வர்றதுக்கு எனக்கு ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு. மேல வந்தா கடைக்காரம்மா பாத்ததுமே "முட்டியா? உக்காருங்க"ன்னு ஒரு டம்ளர் சூப்பு நீட்டினாங்க. முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு, 30 ரூபா. மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டது, கொதிக்கக் கொதிக்க. ருசி கறி சூப்பேதான். கிழங்குன்னு சொல்றாங்களே தவிர அது பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற ஒரு பெரணியோட தண்டுதான்னு டீச்சர் சொன்னாங்க. மேல பழுப்பு முடி மொளச்சு, பலகையில அடுக்கி வச்சிருக்கறத பாத்தா ஒரு நிமிஷம் திக்குனுதான் இருக்கும். ஐடி பையன் சார பிடிச்சுக்கிட்டான். "சார், இது பேர்லயே 'மாதிரி' ஒளிஞ்சிருக்கு சார். ஆட்டுக்கால் மாதிரி இருக்கறதாலதான ஆட்டுக்கால். நீங்க வட்டம் போட்டுருக்கணுமே?" சாருக்கு சூப்பு பொரையேறிடுச்சு. பதிலே சொல்லல. நான் ஒரு கிழங்கு வாங்கினேன், 120 ரூபா, பேரம் பேசினா கடைக்காரம்மா "உங்க முட்டிய கேட்டுட்டு பேசுங்க"ன்னுட்டாங்க.

சாயங்காலம் உள்ள பாக்கற பயிற்சி. நான் பயந்துக்கிட்டே இருந்தது இதுக்குதான், கண்ண மூடு, சின்ன வயசு உன்ன கட்டிப்பிடின்னு ஏதாவது சொல்லப்போறாங்கன்னு. அப்படி ஒண்ணும் இல்ல. அகப்பாட்டுல தலைவன் தன் நெஞ்சோடயே சண்ட போடுவான்ல, பொருள் தேடப் போகலாங்குது நெஞ்சு, இவள விட்டுட்டு எப்படிப் போறதுன்னு இவன், அத எடுத்துக்கிட்டு "நெஞ்சே"ன்னு ஆரம்பிச்சு 15 நிமிஷம் கை எடுக்காம எழுதுங்க, நெஞ்சு உங்களுக்கு எதிர்க்கட்சி, அது பேசறதையும் நியாயமா எழுதணும்னு சார் சொன்னாரு.

எனக்கு ஓசூருக்கு பிரமோஷன்ல டிரான்ஸ்ஃபர் வந்து ரெண்டு மாசமாகுது. டிசம்பருக்குள்ள சொல்லணும். பொண்ணு ஒன்பதாவது. இத யார்கிட்டயும் முழுசா பேசல, வீட்டுக்காரர்கிட்டகூட "பாக்கலாம்"னு தள்ளிக்கிட்டே இருந்தேன். சார் குடுத்த பென்சில்ல எழுதினேன். நெஞ்சே, சம்பளம் 11,000 கூடும்னு சொல்ற, சரி. தனியா ஒரு ரூம், ஒரு கட்டில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல யாரும் என்ன சாப்பாடுன்னு கேக்க மாட்டாங்கன்னு சொல்றியே, அத ஏன் இவ்ளோ ஆசையா சொல்ற. அந்த கடைசி வரி எங்கேந்து வந்துச்சுன்னு எனக்கு தெரியல. பணத்துக்காகன்னுதான் இத்தன நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். வட்டத்துல அத படிக்கல, பாஸ்னு சொல்லிட்டேன், அதுக்கும் அனுமதி உண்டு.

ராத்திரி பொண்ணு வாட்ஸப்ல நம்ம வாசல் மரத்த போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா. அக்காகிட்ட போன நீட்டினேன். சோறு போட்டுக்கிட்டே ஒரு பார்வ பாத்துட்டு, "புங்க மரம். ஏன், உங்க ஊர்ல இதுக்கு வேற பேரா?"

நவம்பர் 17, திங்கள்

கடைசி வட்டம். எழுதினத படிச்சுட்டு, மத்தவங்க பேசி முடிக்கற வரைக்கும் எழுதினவங்க வாயத் திறக்கக்கூடாது. ஹெட்மாஸ்டருக்கு இது பெரிய சோதனை, 35 வருஷம் அவரு பேசி மத்தவங்க கேட்டிருக்காங்க. கத்தின பொண்ணு அருவிய பத்தி எழுதல, எதிர்ல ஏறி வந்தவங்க சொன்ன பொய்ய மட்டும் வரிசையா எழுதியிருந்தா, 'இன்னும் கொஞ்சம்தான்' 'அந்தா தெரியுது' 'பத்தே நிமிஷம்'. சிரிச்சோம், பாதியில யாருக்கும் சிரிப்பு வரல, ஏன்னா நடுவுல ஆஸ்பத்திரியில கேட்ட மாதிரி ரெண்டு வரி கலந்திருந்துச்சு. சார் சிவப்பு பேனாவ மூடி சட்டப் பையில வச்சுட்டாரு.

இறங்கறப்போ வேன்ல எடம் இருந்தும் நான் பஸ்லதான் வந்தேன், எலுமிச்சம்பழம் வாங்கி வச்சுக்கிட்டேன். கார்த்திகை பொறந்தாச்சு, பஸ் முழுக்க புதுசா மாலை போட்ட சாமிங்க, கருப்பு வேட்டி இன்னும் கஞ்சி போகாம மொடமொடன்னு. ஒரு சாமி எனக்கு ஜன்னல் சீட்ட விட்டுக் குடுத்தாரு. 43ம் வளைவு வந்தப்போ போர்ட பாத்தேன். இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுப்பாடம்: ஒரே ஒரு பொருள், 10 வரி, தடை அப்படியே தொடருது. கிழங்க சமையல் மேடையில வச்சு எதிர்ல உக்காந்தேன். ஒரு சாண் நீளம். பழுப்பு முடி, நுனியில கொஞ்சம் வெளுப்பு. வெட்டின இடத்துல பச்சை. தொட்டா மெத்துனு இருக்கு, அழுத்தினா உள்ள கெட்டி. நாலு வரி ஆச்சு, ஒரு 'போல' இல்ல. அஞ்சாவதுக்கு பென்சில வச்சப்போ ஸ்கூல் பையோட உள்ள வந்தா பொண்ணு.

"ஐய, என்னம்மா இது, ஆட்டுக்கால் மாதிரியே இருக்கு!"

ஸ்க்ரப்பர கையில குடுத்து முடிய சுரண்டச் சொன்னேன்.